பெண் மக்களின் வலிமையும் அமானிதமே!

எல்லாப் புகழும் அகிலத்தைப் படைத்துப் பரிபாலிக்கும் ஏக வல்லவனாம் அல்லாஹ்வுக்கே உரித்தாகுக! ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களுடைய கிளையார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!



சென்ற மார்கழியில், பெண்களுக்கான பயான் ஒன்றுக்காகச் சேர்வராயன் மலை மீதுள்ள ஏற்காட்டுக்குப் போயிருந்தேன். சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளைச் சுற்றிக்கொண்டு பஸ் மேலே ஏறியது. மறுநாள் சுப்ஹுத் தொழுகையை முடித்துக்கொண்டு, மப்ளரை இறுக்கிக் கட்டியவனாக ஏரிப் பக்கம் நடந்தேன். பனிமூட்டத்துக்குள்ளிருந்து பெண்கள் வரிசையாக வந்தார்கள். காபித் தோட்டங்களுக்குப் பழம் பறிக்கப் போகிறவர்கள். 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் துரை இந்த மலைக்குக் காபிச் செடியைக் கொண்டு வந்தார் என்பார்கள். அந்தச் செடிகளைத் தலைமுறை தலைமுறையாகக் காத்து வருவது இத்தகைய பெண்களின் கைகளும் கால்களும்தாம். அறுபது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மையார் மூச்சு வாங்காமல் மேட்டில் ஏறிப் போனார். முப்பத்தைந்து வயதுள்ள நான் பாதி மேட்டில் நின்றுவிட்டேன்!

அன்று பகல் ஒரு சகோதரருடைய வீட்டில் பயான் நடந்தது. முடியும் நேரத்தில் திரைக்கு அப்பாலிருந்து ஒரு துண்டுச் சீட்டு வந்தது. ‘ஹஜ்ரத் அவர்களுக்கு, என் மகள் பள்ளிக்கூடத்து ஓட்டப் பந்தயத்தில் ஜெயித்து, மாவட்டப் போட்டிக்குத் தேர்வாகியிருக்கிறாள். சேலத்துக்கு அனுப்பலாமா கூடாதா என்று உங்களிடம் கேட்டு வரும்படி அவள் அத்தா சொன்னார்’ என்று அதில் எழுதியிருந்தது.

சீட்டைப் படித்ததும் என் கை நடுங்கியது. காரணத்தை மறைக்காமல் சொல்லி விடுகிறேன்.

நான் சொன்ன ஒரு வார்த்தை

மதரஸாவில் பட்டம் பெற்று வந்த புதிதில், ஓர் ஊரில் இமாமாக இருந்தேன். ஒரு நாள் அஸர் தொழுகைக்குப் பின் ஒருவர் இதே கேள்வியுடன் வந்தார். “ஹஜ்ரத், எம் பொண்ணு நல்லா ஓடுதுங்க. வாத்தியாரம்மா வெளியூருக்குக் கூட்டிட்டுப் போறேங்கறாங்க. அனுப்பலாங்களா?” என்று கேட்டார். நான் கிதாபைப் புரட்டவில்லை. என்ன உடை, யார் துணை என்று எதையும் விசாரிக்கவுமில்லை. “பொம்பளைப் பிள்ளைக்கு ஓட்டம் எதுக்கு அத்தா? வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள்” என்று சொல்லிவிட்டு ஹுஜ்ராவுக்குள் போய்விட்டேன்.

இரண்டு ஆண்டுகள் கழித்து அவரைக் கடைத்தெருவில் கண்டேன். முகம் மலர ஸலாம் சொன்னார். “நீங்க சொன்ன அன்னைக்கே ஓட்டத்தை நிறுத்திட்டேன் ஹஜ்ரத். பள்ளிக்கூடத்தையும் நிறுத்திட்டேன்” என்றார். நான் பாராட்டுவேன் என்று எதிர்பார்த்து நின்றார். எனக்கு நா எழவில்லை. கல்வியை நிறுத்தச் சொல்லி நான் சொல்லவில்லைதான். ஆனால் வாசலை மூடும் வார்த்தையைச் சொன்னவன் நான். அல்லாஹ்விடம் தவ்பாச் செய்தேன். அந்தப் பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்கும்படி அவர் மூலமாகச் சொல்லி அனுப்பினேன். அதற்குப் பிறகுதான் கிதாபைத் திறந்தேன். முதலிலேயே திறந்திருக்க வேண்டும்!

நபிகளாரின் இல்லத்தில்

அங்கே முதலில் கண்டது என்ன? ஓட்டப் பந்தயம்! ஒரு பிரயாணத்தின்போது நாயகம் (ஸல்) அவர்கள் கூட வந்தவர்களை முன்னால் போகச் சொல்லிவிட்டு, அன்னை ஆயிஷா (ரலி) அவர்களை ஓட்டத்துக்கு அழைத்தார்கள். அன்னையார் முந்திவிட்டார்கள். சில காலம் சென்று, அன்னையாரின் உடல் சற்றுப் பருத்திருந்த வேளையில் மறுபடியும் ஓடினார்கள். இம்முறை நாயகம் (ஸல்) முந்தினார்கள். அன்றைக்கு இது சரியாகப் போயிற்று என்று சிரித்தபடி சொன்னார்கள். அபூதாவூத், அஹ்மத் முதலிய ஹதீஸ் கிரந்தங்களில் இது பதிவாகியிருக்கிறது.

இந்த நிகழ்ச்சியைச் சற்று நின்று கவனியுங்கள். கூட்டத்தை முன்னால் அனுப்பினார்கள். அது ஹயாவைப் பேணுதல். பிறகு ஓடினார்கள்; அது மகிழ்ச்சியும் தேகப் பயிற்சியும். நாமோ முதற் பாதியைப் பிடித்துக்கொண்டு இரண்டாம் பாதியைக் கைவிட்டோம்!

உஹதுக் களத்தில் அன்னை ஆயிஷாவும் உம்மு சுலைமும் (ரலி) முதுகில் தண்ணீர்த் துருத்திகளைச் சுமந்து விரைந்து விரைந்து போய், காயம்பட்டவர்களின் வாயில் தண்ணீர் ஊற்றியதை ஹஜ்ரத் அனஸ் (ரலி) அறிவிக்கிறார்கள். புகாரி ஷரீஃபில் உள்ள செய்தி. அதே களத்தில் உம்மு உமாரா நுஸைபா (ரலி) அவர்கள் நாயகத்தைக் காக்க வாளேந்தி நின்று தோளில் ஆழக் காயம் பட்டார்கள். அஸ்மா பின்த் அபூபக்ர் (ரலி) அவர்கள் பேரீச்சங் கொட்டைகளைத் தலையில் சுமந்து, ஏறத்தாழ மூன்றில் இரண்டு ஃபர்ஸக் இருக்கும் என்று சொல்லத்தக்க தூரம் நடந்து வந்தவர்கள். ஹிஜ்ரத்தின்போது நிறைமாதத்தை நெருங்கிய கர்ப்பிணியாக இருந்தும் தவ்ரு மலைக் குகைக்கு உணவு கொண்டு சென்றதாகச் சீறா நூல்கள் கூறுகின்றன.

இவர்கள் எல்லோருக்கும் முன்னால் ஓடியவர் யார்? அன்னை ஹாஜரா (அலை). பச்சைக் குழந்தையின் தாகம் தீர ஸஃபாவுக்கும் மர்வாவுக்கும் இடையே ஏழு தடவை ஓடினார்கள். ஏறக்குறைய மூன்று கிலோமீட்டர்! அல்லாஹ் அந்தத் தாயின் ஓட்டத்தை ஹஜ்ஜின் கிரியையாகவே ஆக்கிவிட்டான். அரசனானாலும் ஆலிமானாலும் அந்தப் பெண்மணியின் காலடித் தடத்தில் நடந்தாக வேண்டும். இந்த உம்மத்தில் பிறந்துகொண்டு, பெண்ணுக்கு ஓட்டம் எதற்கு என்று கேட்டேனே!

வலிமையுள்ள முஃமின் பலவீனமான முஃமினைவிடச் சிறந்தவர், அல்லாஹ்வுக்கு அதிகப் பிரியமானவர், ஆனாலும் இருவரிடத்திலும் நன்மை உண்டு என்பது முஸ்லிம் ஷரீஃபில் வரும் நபிமொழியின் கருத்து. இது ஆண்களுக்கு மட்டும் என்று எந்த உலமாவும் எழுதி வைக்கவில்லை.

நோய் எங்கிருந்து வந்தது?

நம் வீடுகளைப் பாருங்கள். பத்து வயது வரை பெண் பிள்ளை தெருவில் பாண்டி ஆடுகிறாள், கயிறு தாண்டுகிறாள். பருவமடைந்ததும் எல்லாம் நின்றுவிடுகிறது. பிறகு அடுப்படி, கட்டில், டி.வி. நாற்பது வயதில் சர்க்கரை, முழங்கால் வலி. நாற்காலி போடாமல் தொழ முடியாத தாய்மார்கள் எத்தனை பேர்! ருகூவும் ஸுஜூதும் செய்யும் சக்தியையே இழந்து நிற்கிறோமே, இது தீனுக்கு நஷ்டமில்லையா?

உலக சுகாதார நிறுவனம், 5 முதல் 17 வயது வரையுள்ள பிள்ளைகளுக்குத் தினமும் சராசரி 60 நிமிடமும், பெரியவர்களுக்கு வாரத்தில் குறைந்தது 150 நிமிடமும் உடலுழைப்பு வேண்டும் என்கிறது. லான்செட் மருத்துவ ஏட்டுக் குழுமத்தின் இதழொன்று 2024-இல் வெளியிட்ட ஆய்வின்படி, 2022-ஆம் ஆண்டில் இந்தியப் பெண்களில் 100-க்கு 57 பேர் போதிய உடலுழைப்பு இல்லாதவர்கள். ஆண்களில் 42 பேர். உடல் அல்லாஹ் தந்த அமானிதம். அதைப் பற்றி மஹ்ஷரில் விசாரணை உண்டு. நம் மகளின் உடலும் அமானிதமே. அதைப் பற்றித் தகப்பனிடமும் கேள்வி உண்டு.

இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். ஏழைப் பெண் விறகுக் கட்டைச் சுமந்து மலையேறினால் யாரும் ஃபத்வாக் கேட்பதில்லை. அவள் மகள் மைதானத்தில் ஓடினால் மட்டும் ஓடோடி வந்து கேட்கிறோம்!

வரம்புகள் எவை?

வரம்பே கிடையாது என்று நான் சொல்லவில்லை. ஷரீஅத் நமக்கு வேலி கட்டித் தந்திருக்கிறது. வேலி தோட்டத்தைக் காக்கத்தான். தோட்டத்தை அழிக்க அல்ல.

உடை மறைப்பாகவும் தளர்வாகவும் இருக்க வேண்டும். அந்நிய ஆண்களுடன் கலந்து விளையாடுதல் கூடாது. வெளியூர்ப் பயணத்துக்குத் தாயோ மஹ்ரமான உறவினரோ துணை வேண்டும். தொழுகை நேரம் தவறக் கூடாது. பந்தயப் பணமும் சூதும் அண்டக் கூடாது. உடலுக்குக் கேடு விளைவிக்கும் விளையாட்டு வேண்டாம். இவ்வளவே.

ஸூரத்துல் கஸஸில் மத்யன் நகரத்துச் சகோதரிகள் இருவரைப் பற்றி அல்லாஹ் சொல்லிக் காட்டுகிறான். தந்தை முதியவர். ஆட்டு மந்தையை ஓட்டி வந்து தண்ணீர் காட்டுவது அந்தப் பெண்களின் வேலை. இடையர்கள் விலகிப் போகும் வரை ஒதுங்கி நின்றார்கள். ஹயாவும் இருந்தது, உழைப்பும் இருந்தது. மூஸா (அலை) அவர்களை வேலைக்கு அமர்த்தும்படி தந்தைக்கு யோசனை சொன்னவரும் அவர்களில் ஒருவரே. பலமும் நாணயமும் உள்ளவர்தான் வேலைக்கு ஏற்றவர் என்று காரணத்தையும் அவரே எடுத்துச் சொன்னார். தகப்பனார் அந்தச் சொல்லுக்கு மதிப்புக் கொடுத்தார்.

தலையை மறைத்தால் விளையாட முடியாது என்ற காலமும் மாறிவிட்டது. 2011-இல் ஈரான் நாட்டுப் பெண்கள் கால்பந்துக் குழுவை முக்காட்டின் காரணமாக ஆடவிடாமல் திருப்பி அனுப்பினார்கள். 2014-இல் அந்தத் தடையைக் கால்பந்துச் சம்மேளனம் நீக்கியது. கூடைப்பந்தில் 2017-இல் நீங்கியது. அமெரிக்காவில் இப்திஹாஜ் முஹம்மத் என்ற பெண்மணியின் பெற்றோர், உடல் முழுதும் மறையும் விளையாட்டு எது என்று தேடி வாள்வீச்சில் சேர்த்தார்கள். 2016 ரியோ ஒலிம்பிக்கில் அவர் முக்காட்டுடனேயே நின்று, தம் குழுவுடன் வெண்கலப் பதக்கம் பெற்றார். அந்தப் பெற்றோர் வரம்பையும் விடவில்லை, வாசலையும் மூடவில்லை!

நம் சென்னையில் காசிமா என்ற பெண், ஓர் ஆட்டோ ஓட்டுநரின் மகள். 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் தனியாட்டம், இரட்டையர், குழு ஆகிய மூன்று பிரிவிலும் தங்கம் வென்றார். அப்போது அவருக்கு வயது 17. வசதியுள்ள வீட்டில்தான் இது நடக்கும் என்று சொல்ல வழியில்லை.

தலைமைக்கும் இதுவே தொடக்கம்

பத்துப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு ஆடும் பெண், தோற்றவளைத் தேற்றக் கற்கிறாள். கோபத்தை அடக்கக் கற்கிறாள். நெருக்கடியில் முடிவெடுக்கக் கற்கிறாள். இந்தப் பழக்கம் குடும்பத்துக்கும் வேண்டும், ஜமாஅத்துக்கும் வேண்டும்.

ஹுதைபிய்யாவில் உடன்படிக்கை முடிந்த வேளை. உம்ராச் செய்யாமல் திரும்ப வேண்டுமே என்ற துக்கத்தில் ஸஹாபாக்கள் எழுந்திருக்கவில்லை. அன்னை உம்மு ஸலமா (ரலி) அவர்கள், யாரிடமும் பேசாமல் வெளியே சென்று தாங்களே முதலில் குர்பானி கொடுத்து முடியைக் களையுங்கள் என்று நாயகத்திடம் யோசனை கூறினார்கள். நாயகமும் அவ்வாறே செய்தார்கள். அத்தனை பேரும் எழுந்து பின்பற்றினார்கள். ஒரு பெண்மணியின் தெளிந்த அறிவு உம்மத்தையே காத்தது!

பெண்ணைத் தலைமையில் அமர்த்திய சமூகம் வெற்றி பெறாது என்ற ஹதீஸ் இருக்கிறதே என்பார்கள். அது பாரசீகச் சிம்மாசனத்தைப் பற்றிய செய்தி வந்தபோது நாயகம் (ஸல்) சொன்னது. நாட்டின் ஆட்சித் தலைமையைப் பற்றி இமாம்கள் விரிவாகப் பேசியிருக்கிறார்கள். அதைக் கொண்டுவந்து பள்ளிக்கூடத்துக் குழுத் தலைவி மீதும், மகளிர் மன்றத் தலைவி மீதும் போடுவது பொருத்தமாகாது.

பத்தனம்திட்டையில் 1927-இல் பிறந்த ஃபாத்திமா பீவி அம்மையார் ராவுத்தர் குடும்பத்துப் பெண். சட்டம் படிக்கத் தூண்டியவர் அவருடைய தகப்பனார். 1989-இல் சுப்ரீம் கோர்ட்டின் முதல் பெண் நீதிபதியானார். 1997 முதல் 2001 வரை நம் தமிழகத்தின் கவர்னராக இருந்தார். 2023-இல் வஃபாத்தானார். ஒரு தகப்பனார் அன்று திறந்துவிட்ட வாசல் அது. இன்று தமிழ்நாட்டு உள்ளாட்சி மன்றங்களில் பாதி இடம் பெண்களுக்கென்று 2016-இல் சட்டமாயிற்று. நம் பெண்களும் நிற்கிறார்கள், ஜெயிக்கிறார்கள். ஆனால் பல இடங்களில் பெயர் மனைவியுடையது, நாற்காலி கணவருடையது! சிறு வயதில் பேசப் பழக்கியிருந்தால் இந்த நிலை வருமா?

செய்ய வேண்டியது

நிஸ்வான் மதரஸாக்களை நடத்தும் பெரியவர்களே! ஓதும் பிள்ளைகளுக்குத் தினம் ஒரு மணி நேரம் விளையாட விடுங்கள். நாற்புறமும் மதிலுள்ள முற்றம் போதும். ஒரு வளையமும், ஓர் இறகுப் பந்தும், ஒரு கயிறும் போதும். ஜமாஅத்துத் தலைவர்களே! கல்யாண மண்டபம் வாரத்தில் பல நாள் சும்மா பூட்டிக் கிடக்கிறதே, காலையில் ஒரு மணி நேரம் பெண்களுக்குத் திறந்துவிட்டால் என்ன? தாய்மார்களே! அஸருக்குப் பின் நான்கு பேராகச் சேர்ந்து நடங்கள். மகளையும் கூட்டிச் செல்லுங்கள். அத்தாமார்களே! மகள் ஒன்றைக் கேட்டால், கூடாது என்று சொல்லுமுன் எப்படிக் கூடும் என்று யோசியுங்கள். என்னைப் போன்ற ஆலிம்களே! கேள்வியை முழுதாகக் கேட்டுவிட்டுப் பதில் சொல்வோம். நம் அவசரத்தால் ஒரு பிள்ளையின் வாழ்வே திசை மாறிவிடுகிறது.

அந்தச் சீட்டின் பின்பக்கத்தில் இப்படி எழுதி அனுப்பினேன்: ‘தாராளமாக அனுப்புங்கள். நீங்களும் கூடப் போங்கள். முழுக் கை சட்டை, தளர்ந்த கால்சட்டை, முக்காடு இருக்கட்டும். லுஹர் தவறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் மகளுக்காக நான் துஆச் செய்கிறேன்.’

சில வாரங்களுக்குப் பின், நான்காவதாக வந்தாளாம் என்று செய்தி வந்தது. தாயும் மகளும் லுஹரை அந்த மைதானத்து ஓரத்திலேயே தொழுதார்களாம். அத்தாவும் கடையை அடைத்துவிட்டுக் கூடப் போயிருந்தாராம். அல்ஹம்துலில்லாஹ்!

யா அல்லாஹ்! எங்கள் பெண் மக்களுக்கு ஈமானில் உறுதியையும், உடலில் வலிமையையும், குணத்தில் ஹயாவையும் தந்தருள்வாயாக! நீ திறந்து வைத்த வாசல்களை எங்கள் அறியாமையால் மூடியிருந்தால் எங்களை மன்னித்தருள்வாயாக! எங்கள் சொல்லால் தடைப்பட்டுப் போன பிள்ளைகளுக்கு அதைவிடச் சிறந்த வழியைத் திறந்து விடுவாயாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்!