திருட்டு மணியும் அண்டை வீட்டார் ஹக்கும்

பொருளைப் பாதுகாப்பது மார்க்கத்துக்கு முரணன்று. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கும்படியே நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் போதித்தார்கள். ஆகவே வீட்டில் திருட்டு எச்சரிக்கை மணி பொருத்துவதில் குற்றமில்லை. ஆனால் அதன் தொல்லையைச் சுமப்பவர் யார்?

ஒருவர் மணியை முடுக்கிவிட்டு, வீட்டைப் பூட்டிக்கொண்டு உம்ராவுக்குப் புறப்படுகிறார். நள்ளிரவில் கருவியின்மீது பல்லி ஊர்கிறது, மணி அலறுகிறது. அடுத்த வீட்டு நோயாளி திடுக்கிட்டு விழிக்கிறார், கைக்குழந்தை வீறிடுகிறது. நிறுத்தச் சாவியோ எவரிடமும் இல்லை. அவர் அங்கே தவாபு செய்துகொண்டிருக்க, இங்கே ஒரு ஹக்கு பறிபோகிறது.

“நான் நாடிச் செய்யவில்லையே!” என்பார். உண்மைதான். ஆனால் இப்படி நேரக்கூடும் என்று அறிந்தும் வழிசெய்யாமல் போனது அவர் செயலல்லவா?

இங்கிலாந்தில் 2005ஆம் ஆண்டுச் சட்டம், மணி 20 நிமிடத்துக்கு மேல் இடைவிடாது ஒலித்தால் உள்ளாட்சி அதிகாரி நுழைந்து நிறுத்த வழிசெய்தது. குறிப்பிட்ட பகுதிகளில், சாவி வைத்திருப்பவரை முன்கூட்டியே நியமிக்கவும் சொன்னது. சட்டத்துக்கு அஞ்சிச் செய்வதை ஈமானுக்காக விரும்பிச் செய்யலாகாதா?

சிந்தியுங்கள்! அந்த மணி யாரை அழைக்கிறது? அண்டை வீட்டாரைத்தானே! பலமுறை பொய்யாக அழைத்தால், மெய்யாகவே திருடன் வரும் நாளில் எவர் எழுந்து வருவார்?

ஆகவே சில நிமிடங்களில் தானே அடங்கும்படி மணியை அமையுங்கள். புறப்படுமுன் சாவியை அண்டை வீட்டாரிடம் அமானத்தாக ஒப்படையுங்கள். ‘அவரை நம்பிச் சாவி தருவதா?’ என்று மனம் தயங்கினால், முதலில் சீர்செய்ய வேண்டியது அந்த உறவைத்தான்.

வல்ல நாயன் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.