கரையில் நிற்போர் கடன்

வென்றவனை உலகம் அறியும். தோற்றவனையும் ஒரு பொழுது நினைந்து இரங்கும். ஆனால், வெற்றியை வெற்றி என்று சொல்லத்தக்கதாக ஆக்கிவைத்தவர்களை அது அறிவதில்லை. ஒருவன் முந்தினான் என்றால், அவன் எந்தக் கோட்டிலிருந்து புறப்பட்டான், எந்த நொடியில் புறப்பட்டான், எங்கே முடித்தான் என்று சொல்ல வேறொருவர் வேண்டும். அந்த வேறொருவர் பந்தயத்தில் இல்லாதவராக இருத்தலும் வேண்டும். ஆகவே போட்டி என ஒன்று நடைபெற வேண்டுமானால் போட்டியிடாதவர் சிலர் இருந்தே தீர வேண்டும். ஊதியமின்றி, பெயரின்றி இவர்கள் ஆற்றும் பணி கொடையா, கடனா? சிறிய வினாவாகத் தோன்றினும், மனிதர் கூடி வாழும் வாழ்க்கையின் அடித்தளத்தைத் தொடும் வினா இது.

இளையோர் பாய்மரப் படகுக் கழகங்களை இதற்குச் சான்றாகக் கொள்ளலாம். சிங்கப்பூரின் கிழக்குக் கடற்கரையிலும், லங்காவித் தீவிலும், உலகின் வேறு பல துறைகளிலும் சிறுவர் சிறுமியர் ‘ஆப்டிமிஸ்ட்’ என்னும் சிறுபடகை ஓட்டுகின்றனர். அப்படகின் பிறப்பே பொருள் பொதிந்தது. 1947ஆம் ஆண்டில் அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்துக் கிளியர்வாட்டர் நகரில், மேஜர் கிளிஃபர்ட் மெக்கே என்பார், பிள்ளைகள் ஓட்டிப் பழகுவதற்கு மலிவான படகு ஒன்று வேண்டும் என்ற கருத்தை முன்வைத்தார். கிளார்க் மில்ஸ் என்னும் படகு கட்டுநர் அதற்கு வடிவம் தந்தார். ஒட்டுப்பலகையைக் கொண்டு வீட்டிலேயே கட்டிக்கொள்ளத்தக்க, எட்டடி நீளத்துக்குள் அடங்கும் பெட்டி போன்ற படகு அது. அதனைப் பேணி வளர்த்த உள்ளூர்த் தொண்டுக் கழகத்தின் பெயரே படகின் பெயராயிற்று. இன்று 100க்கும் மேற்பட்ட நாடுகளில் 15 வயது வரையுள்ள பிள்ளைகள் அதனைச் செலுத்துகின்றனர். போட்டிக்குரிய படகு இன்று அத்துணை மலிவானதன்று. எனினும் அதன் தொடக்கத்தில் ஓர் உண்மை உண்டு: தாம் ஏறி அமர முடியாத படகைப் பெரியவர்கள் பிறர் பிள்ளைகளுக்காக உருவாக்கினார்கள்.

ஒரு நாள் போட்டிக்கு எத்துணைக் கைகள் வேண்டும் என எண்ணிப் பார்த்தல் நன்று. விடியற்பொழுதில் மிதவைகளையும் நங்கூரங்களையும் கயிறுகளையும் ஏற்றுவோர் சிலர். காற்று வரும் திசையை அளந்து, அதற்கு நேராக மேல்முனை மிதவையை இடுவோர் சிலர். நடுவர் படகில் தலைமை நடுவர், நேரங் காப்பவர், கொடி ஏற்றுபவர், ஒலி எழுப்புபவர், குறிப்பெழுதுபவர் எனப் பலர். களத்தைச் சுற்றிலும் காவற்படகுகளில் நிற்போர் சிலர். கரையிலோ, படகு நீரில் இறங்கியதும் தள்ளுவண்டியை வாங்கி நிறுத்துவோரும், சென்றவரையும் வந்தவரையும் ஏட்டில் குறிப்போரும், புள்ளிகளைக் கூட்டுவோரும், சோறும் நீரும் ஏற்பாடு செய்வோரும் உளர். இவர்களுள் பெரும்பாலோர் பிள்ளைகளின் பெற்றோர். அல்லது, தம் பிள்ளைகள் வளர்ந்து விலகிய பின்னும் தாம் விலகாத மூத்தோர்.

தொடக்கக் கோடு என்பது நீரில் வரையப்பட்ட கோடன்று. நடுவர் படகின் கம்பத்துக்கும் ஒரு மிதவைக்கும் இடையே கண்ணால் இழுக்கப்படும் கோடு அது. பார்ப்பவர் இல்லையேல் கோடும் இல்லை. புறப்பாட்டுக்கு 5 நிமிடம் இருக்கையில் ஒரு கொடி ஏறும். 4 நிமிடம் இருக்கையில் மற்றொன்று ஏறும். 1 நிமிடம் இருக்கையில் இரண்டாவது கொடி இறங்கும். முதற்கொடி இறங்கும் நொடியே புறப்படும் நொடி. ஒலி கவனத்தை அழைப்பதற்கே. ஒலி தவறினும் கொடியே சட்டம். கொடிக்கயிற்றைப் பிடித்திருப்பவர் சற்றே பிந்தினால், பல நாள் பயின்று வந்த பிள்ளைகளின் கணக்கெல்லாம் பிழைபடும். கோடு காற்றுக்குக் குறுக்காக அமையாமல் சாய்ந்துவிட்டால், ஒரு முனையில் நிற்பவர் உழைக்காமலே முன்னேறுவர். காற்று திசை மாறினால், மிதவை இட்டவர் மீண்டும் நங்கூரத்தைத் தூக்கியாக வேண்டும். இவையெல்லாம் செவ்வனே நடந்த நாளில் இவற்றைப் பற்றி எவரும் பேசுவதில்லை. பிழை நேர்ந்த நாளில் மட்டுமே பேசுவர். கண்ணில் படாமற் போவதே தம் பணியின் நிறைவு என ஏற்கும் மனம் எளிதில் வாய்ப்பதன்று.

காவற்படகில் நிற்பவரின் நிலை இதனினும் நுட்பமானது. ஒரு சிறுமியின் படகு கவிழ்கின்றது. உடனே பாய்ந்து சென்று தூக்கிவிடுதல் அன்பின் இயல்பு. ஆனால், கவிழ்ந்த படகை நிமிர்த்தவும் உட்புகுந்த நீரை இறைக்கவும் அவள் பயின்றிருக்கின்றாள். போட்டியின்போது வெளியார் உதவியைப் பெறுதல் விதிக்குப் புறம்பு. ஆபத்தில் உள்ளவருக்கு உதவுதல் அதற்கு விலக்கு. எனவே காவலர் அருகே சென்று, எட்ட நின்று, அவள் முகத்தை நோக்குகின்றார். அஞ்சினாளா, களைத்தாளா, கயிற்றில் சிக்கினாளா என்று பார்க்கின்றார், காத்திருக்கின்றார். தேவையில்லாத வேளையில் கைகொடுத்தால் அவள் கற்க வேண்டியதைப் பறித்தவர் ஆவார். தேவையான வேளையில் தயங்கினால் ஓர் உயிருக்கே ஊறு நேரும். நெருங்க வேண்டி வந்தாலோ, சுழல்விசிறி நீரில் இருப்பவரைத் தாக்காதபடி இயந்திரத்தை நிறுத்த வேண்டும். முதலில் ஆளையும் பிறகே படகையும் மீட்க வேண்டும். உதவும் விருப்பம் மட்டும் போதாது. உதவியை அடக்கி வைக்கும் அறிவும் வேண்டும் என்பதை இப்பணி கற்பிக்கின்றது. வகுப்பறையில் மாணவன் விடை தேடித் திணறும்போது வாய் திறவாமல் காத்திருக்கும் ஆசிரியர் இதன் அருமையை அறிவார்.

இக்காவல் எத்துணை இன்றியமையாதது என்பதை 1988ஆம் ஆண்டுச் சியோல் ஒலிம்பிக் போட்டியின்போது நிகழ்ந்தது ஒன்று விளக்கும். பாய்மரப் படகுப் போட்டிகள் பூசான் கடலில் நடைபெற்றன. செப்டம்பர் 24ஆம் நாள் காற்று திடீரென வலுத்துக் கடல் கொந்தளித்தது. தனியாள் படகுப் போட்டியில் இரண்டாம் இடத்தில் சென்றுகொண்டிருந்த கனடா நாட்டு லாரன்ஸ் லெமியூ, வேறொரு போட்டியில் கலந்துகொண்ட சிங்கப்பூர் வீரர் இருவர் படகு கவிழ்ந்து தத்தளிப்பதைக் கண்டார். தம் பாதையை விட்டு விலகிச் சென்று இருவரையும் மீட்டார்; மீட்புக் கலம் வந்து அவர்களை ஏற்றிக்கொள்ளும்வரை காத்திருந்தார்; அதன் பின்னரே தம் போட்டியைத் தொடர்ந்தார். நடுவர் குழு அச்சுற்றில் அவருக்கு இரண்டாம் இடத்தையே வழங்கியது. முடிவில் அவர் 11ஆம் இடம் பெற்றார். எனினும் பியேர் டி கூபர்டின் பெயரால் அமைந்த பதக்கம் அளித்துச் சிறப்பிக்கப்பெற்றார்.

ஆபத்தில் உள்ளவருக்கு இயன்ற உதவி எல்லாம் செய்தல் வேண்டும் என்பது பாய்மரப் போட்டி விதிகளில் முதலாவதாக நிற்கும் விதி. லெமியூ அவ்விதிக்கு உயிர் தந்தார். ஆயினும் அச்செயலின் மறுபக்கத்தையும் எண்ணுதல் தகும். போட்டியைத் துறந்து பிறரைக் காக்கும் பொறுப்பைத் தேர்ந்த வீரர் ஒருவர் ஏற்கலாம். பன்னிரண்டு வயதுச் சிறுவன் தலையில் அச்சுமையை ஏற்றிவைத்தல் முறையன்று. அவன் தன் மனம் முழுவதையும் காற்றிலும் அலையிலும் செலுத்தும் உரிமை பெற்றிருப்பது, அவனுக்காக வேறொருவர் ஆபத்தைப் பற்றி எண்ணிக்கொண்டிருப்பதால்தான். சிறுவனின் விளையாட்டுக்குப் பெரியவரின் விழிப்பே விலை.

இங்கு ஒரு மறுப்பு எழும். “கட்டணம் செலுத்திவிட்டோம், எஞ்சியதைக் கழகம் பார்த்துக்கொள்ளட்டும்” என்பார் உளர். அவர் கூற்றை ஒரேயடியாகத் தள்ளிவிடலாகாது. வாரம் ஆறு நாள் உழைப்பவருக்கு ஞாயிறு ஒன்றே ஓய்வு. இரவுப் பணி முடித்து வருபவரை விடியலில் கடற்கரைக்கு அழைப்பது கொடுமை. ஆனால் கழகம் என்பது யார்? அது கட்டடமும் படகுத்துறையும் அன்று. அங்கு வரும் குடும்பங்களின் கூட்டே கழகம். எல்லாப் பணிக்கும் கூலிக்கு ஆள் அமர்த்தினால் கட்டணம் உயரும். உயர்ந்த கட்டணம் முதலில் வெளியேற்றுவது எளிய வீட்டுப் பிள்ளையையே. ஒருவர் வாராத நாளில் அவர் பணி செய்யப்படாமல் நின்றுவிடுவதும் இல்லை. வந்தவர் தோளில் அது ஏறுகின்றது. கடலுக்கு வர இயலாதவர் பட்டியல் எழுதலாம். பாய் கிழிந்ததைத் தைக்கலாம். பிள்ளைகளை ஏற்றிச் செல்லலாம். இயலாமைக்கு இடம் உண்டு; இயன்றும் விலகி நிற்பதற்கு இடம் இல்லை.

மற்றொரு வினா இதனினும் ஆழமானது. சில கழகங்கள், ஒவ்வொரு குடும்பமும் ஆண்டுக்கு இத்தனை நாள் பணியாற்ற வேண்டும் என விதிக்கின்றன. தவறினால் முன்பணம் திரும்பாது. கட்டாயத்தால் செய்வது தொண்டாகுமா? மனமுவந்து செய்வதன்றோ தொண்டு? தமிழில் ‘கடன்’ என்னும் சொல் இவ்வினாவுக்கு வழி காட்டுகின்றது. அது கடமையையும் குறிக்கும். வாங்கித் திருப்பித் தர வேண்டிய பொருளையும் குறிக்கும். தன் பிள்ளை அச்சமின்றிக் கடலில் சென்று வர, முன்பின் அறியாத ஒருவர் வெயிலில் நின்றார் என்றால், அப்பொழுதே கடன் ஏற்பட்டுவிட்டது. புறநானூற்றில் பொன்முடியார், ஒரு வீரன் உருவாவதில் தாய்க்கும் தந்தைக்கும் கொல்லனுக்கும் வேந்தனுக்கும் தனித்தனியே கடன் வகுத்தார். வேல் வடிக்கும் கொல்லன் போருக்குச் செல்வதில்லை. எனினும் அவன் இன்றிப் போர்வீரன் இல்லை. வள்ளுவரும் ஒப்புரவுக்கு ஓர் அதிகாரமும் ஈகைக்கு வேறோர் அதிகாரமும் வகுத்தார். இல்லாதவனுக்கு இரங்கிக் கொடுப்பது வேறு. தான் வாழும் ஊருக்குத் தன் பங்கைச் செய்வது வேறு. கழகப் பணி இரண்டாவது வகையைச் சேர்ந்தது. ஆதலின் அதனை முறை வைத்துப் பகிர்வதில் இழுக்கில்லை. விதி ஒருவரைக் கரை வரை கொண்டுவந்து சேர்க்கும். அங்கு வந்தபின் அவர் கண் கோட்டின்மேல் நிற்பதும், கைப்பேசியின்மேல் நிற்பதும் விதியின் கையில் இல்லை. வருகையைக் கட்டாயமாக்கலாம்; கவனத்தைக் கட்டாயமாக்க முடியாது. கடனாகத் தொடங்கிய பணி கொடையாக உயரும் இடம் அந்தக் கவனமே.

இனி, பெற்றோரே நடுவராக நிற்பதால் எழும் சோதனை ஒன்று உண்டு. கோட்டைப் பார்த்து நிற்கும் தந்தையின் கண்முன்னே அவர் மகனின் படகு ஒரு கை அளவு முன்னதாகவே கோட்டைக் கடந்துவிடுகின்றது. அவர் சொல்லாவிட்டால் பிறர் அறியார். சொன்னால் மகன் திரும்பி வந்து கோட்டுக்குப் பின்னிருந்து மீண்டும் புறப்பட வேண்டும். அதற்குள் மற்றவர் நெடுந்தொலைவு போயிருப்பர். திருக்குறளில் செய்ந்நன்றி அறிதலை அடுத்து நடுவு நிலைமை வைக்கப்பட்டுள்ளது. நன்றி செய்தவரிடத்து நடுவுநிலை நழுவக்கூடும். அங்கும் நழுவலாகாது என்பதற்காகவே அவ்வரிசை என்பது பரிமேலழகர் கருத்து. நன்றிக்கே அவ்வாறெனில் பிள்ளைப் பாசத்துக்குச் சொல்ல வேண்டுவதில்லை. இயன்றவிடத்துத் தம் பிள்ளை ஓடும் போட்டியில் அப்பொறுப்பை மற்றொருவரிடம் விட்டு விலகுதல் அறிவுடைமை. விலக வழியில்லாத சிறு கழகத்திலோ, தந்தை மகனின் பாய் எண்ணையும் மற்ற எண்களைப் போலவே, அதே குரலில் உரக்கச் சொல்லியாக வேண்டும். மகனுக்கு அன்று ஒரு சுற்று போகலாம். தன் வீட்டில் இருவேறு அளவுகோல் இல்லை என்ற அறிவு அவனுக்கு எஞ்சும்.

இக்கடனுக்கு மற்றொரு தன்மையும் உண்டு. கொடுத்தவருக்கே இதனைத் திருப்பித் தர முடிவதில்லை. பத்து வயதில் தன்னை நீரிலிருந்து தூக்கியவருக்கு ஒரு சிறுவன் என்ன கைம்மாறு செய்ய இயலும்? அவன் வளர்ந்து, பாய் இறக்கிய பின் ஒரு நாள் வந்து கொடிக்கயிற்றைப் பிடித்தால், அப்பொழுதே கடன் தீரத் தொடங்குகின்றது. பின்வருபவருக்குக் கொடுத்தே முன்னிருந்தவருக்குத் தீர்க்கும் கடன் இது. மொழியைக் கற்பித்தலும் அத்தகையதே. ஆசிரியரிடம் பெற்றதை எவரும் மாணவரிடமே செலுத்துகின்றனர்.

மாலையில் பரிசளிப்பு நடக்கும். கைதட்டல் எழும். அவ்வேளையிலும் ஏட்டைக் கையில் பிடித்த ஒருவர் நீர் விளிம்பை விட்டு நகர்ந்திருக்கமாட்டார். காலையில் சென்றவர் நாற்பது. திரும்பியவர் முப்பத்தொன்பது என்றால் அவருக்குப் போட்டி இன்னும் முடியவில்லை. கடைசியாக வரும் படகில் எந்தப் பரிசும் பெறாத பிள்ளை இருக்கலாம். அந்த எண்ணுக்கு நேரே குறியிட்ட பிறகுதான் அவர் ஏட்டை மூடுவார். முதலில் வந்தவனைப் போற்ற ஊர் இருக்கின்றது. கடைசியில் வருபவனுக்காகக் காத்திருக்க ஒருவர் வேண்டும். அந்த ஒருவராக நிற்கும் முறை ஒவ்வொரு வீட்டுக்கும் உரியது.