நோயாளிக்குச் சேர வேண்டிய மௌனம்

திருவண்ணாமலையின் சமய மரபில் மௌனம் என்பது பேச்சு நின்றபின் எஞ்சும் வெறுமையன்று. கல்லால மரத்தடியில் சனகாதி முனிவர் நால்வருக்குத் தட்சிணாமூர்த்தி வாய் திறவாது மெய்ப்பொருளை உணர்த்தியதால், அது உபதேசத்தின் மிக உயர்ந்த வடிவமாகப் போற்றப்படுகிறது. 1896இல் இவ்வூரை வந்தடைந்த இரமண மகரிஷி, 'நான்' என்னும் எண்ணம் எழாத நிலையே மௌனம் என்றும், தனிமை மனத்தைப் பொறுத்ததே அன்றி இடத்தைப் பொறுத்ததன்று என்றும் விளக்கினார். இக்கொள்கையை ஏற்போர் முன் ஒரு கேள்வி எழுகிறது: அக அமைதி புறச்சூழலைச் சாராதது எனில், மருத்துவமனையில் ஓசையைக் குறைக்க ஏன் முயல வேண்டும்?

மகரிஷியின் இறுதி நோயே இதற்கு விடை தருகிறது. இடது கையில் தோன்றிய புற்றுக்கட்டிக்காக 1949இல் நான்கு முறை அறுவைச் சிகிச்சை நடந்தும், அன்பர்களுக்குத் தரிசனம் தருவதை அவர் நிறுத்த உடன்படவில்லை. 1950 ஏப்ரல் 14ஆம் நாள் அந்திக்குப்பின் உயிர் பிரியும் வேளையில், வெளியே அன்பர்கள் அருணாசல அட்சரமணமாலையைப் பாடிக்கொண்டிருந்தனர். அந்தப் பாடல் அவர் உவந்து ஏற்ற ஒலி. பொது வார்டில் படுத்திருப்பவரைத் தாக்கும் ஒலியோ அவர் கேளாமலே அவர்மேல் விழுவது, அவரால் விலக்கவும் முடியாதது. ஞானி தம் உடல்நோவில் காட்டிய சமநிலையை, காய்ச்சலில் உழலும் ஏழைத் தாயிடம் எதிர்பார்ப்பது ஆன்மிகம் ஆகாது. அது பிறர் துன்பத்தைக் கண்டும் கைகட்டி நிற்பதற்குத் தத்துவத்தைத் துணைக்கழைப்பதாகும்.

ஒலியின் அளவைக் குறிக்கும் அலகு டெசிபல். அதில் 10 கூடினால் ஒலியாற்றல் பத்து மடங்காகிறது. நோயாளர் அறையில் இரவு ஒலி 30 டெசிபலைத் தாண்டலாகாது என்று உலக சுகாதார நிறுவனம் 1999இல் அறிவுறுத்தியது. ஆனால் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள் 2005இல் வெளியிட்ட ஆய்வோ, மருத்துவமனைகளின் பகல்நேரச் சராசரி ஒலி 1960இல் இருந்த 57 டெசிபலிலிருந்து 72ஆக உயர்ந்துவிட்டதைக் காட்டியது. இந்தியாவின் 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் மருத்துவமனையைச் சுற்றி 100 மீட்டரை அமைதி மண்டலமாக்கி, பகலில் 50, இரவில் 40 டெசிபல் என வரம்பிட்டுள்ளன. பௌர்ணமிதோறும் பெருங்கூட்டம் கிரிவலம் வரும் ஊரில் இவ்விதி இன்றியமையாதது. எனினும் தெருவின் ஒலிபெருக்கியை அடக்கினாலும், உள்ளே இழுபடும் ஆக்சிஜன் சிலிண்டரும், ஸ்ட்ரெச்சர் சக்கரமும், உடனிருப்போரின் கைப்பேசியும், ஓயாத மானிட்டர் அலாரமும் எஞ்சி நிற்கின்றன.

கழுவித் துடைக்க எளிதென்று இடப்படும் டைல்ஸ் தரையும் வழவழப்பான சுவரும் ஒலியை உறிஞ்சாமல் திருப்பி எறிவதால், எழும் ஒவ்வோர் ஓசையும் அறைக்குள் நெடுநேரம் அதிர்கிறது. ஒலியுறிஞ்சும் மேற்கூரைப் பலகை, ரப்பர் சக்கரம், தேவைக்கேற்ப அளவிட்ட அலாரம், பார்வையாளர்க்கெனத் தனிக்கூடம் ஆகியவை எட்டாத செலவினம் அல்ல. இவற்றின் பயன் நோயாளியின் உறக்கத்தோடு முடிவதில்லை. அலாரம் இடைவிடாது ஒலிக்கும்போது செவிலியரின் செவி அதற்குப் பழகி, உண்மையான அபாயக்குரலையும் தவறவிடும் நிலை உண்டாகிறது. இரைச்சலில் சொல்லப்படும் மருந்தின் பெயரும் அளவும் பிழைபடக் கேட்கப்படலாம். மலையடிவாரத்தில் மௌனத்தைத் தேடுபவர் தாமே விரும்பி வருகிறார். வார்டில் இரவுப்பணி பார்க்கும் செவிலியருக்கோ அத்தெரிவு இல்லை என்பதால், அவருக்குரிய அமைதியைக் கட்டடம் எழுப்புவோரே வரைபடத்தில் முன்கூட்டி இடம்பெறச் செய்தாக வேண்டும்.