கணிக்கப்படும் தீர்ப்பு

தீர்ப்பை முன்கூட்டியே கணிக்க இயலுமாயின், அது நடுவருக்குப் புகழா, இழுக்கா?

ஐரோப்பிய நாடுகள் பாடும் யூரோவிஷன் போட்டியில், 2022ஆம் ஆண்டு ஆறு நாடுகளின் நடுவர் குழுக்களது வாக்குகள் ஐயத்திற்குரியனவாய்த் தோன்றின. அமைப்பாளர் அவற்றை விலக்கி, அவற்றை ஒத்து வாக்களிக்கும் பிற நாடுகளின் போக்கைக் கொண்டு கணக்கிட்ட புள்ளிகளை இட்டனர். செவியின் இடத்தில் கணக்கு அமர்ந்தது!

கள்ளக்குறிச்சியில் மாணவர் பாட்டுப் போட்டியொன்றில், தமிழ் உச்சரிப்பைக் கவனிக்கும் நடுவனாய் அமர்ந்தேன். "கல்வராயன் மலைப் பிள்ளைக்குப் பரிசு வராது, ஹஜ்ரத்" என்றான் என் மாணவன். அவ்வாறே முடிந்தது. அவன் பாடலைக் கேட்டுச் சொல்லவில்லை. எங்களை அறிந்தே சொன்னான்.

நல்ல பாட்டே வெல்லுமென்று பிறர் கணிப்பாராயின் அது நம் நேர்மைக்குச் சான்று. இன்னார் பிள்ளையே வெல்லுமென்பாராயின் அது நம்மீது குற்றச்சாட்டு. இரு தரப்பையும் கேளாது தீர்ப்பளிக்கலாகாது என்பது காஜிக்குரிய நெறி. அந்நெறியை அன்று நான் மறந்தேன்.