கிளட்ச் இல்லாமல்

மோட்டார் சைக்கிளில் கிளட்சைத் தொடாமலே கியர் மாற்றலாம். 1955-இல் தொடங்கிய என்ஃபீல்டு இந்தியா திருவொற்றியூரில் செய்த புல்லட்டின் நாலு கியர்ப் பெட்டியில் பல்சக்கரங்கள் எப்போதும் ஒன்றையொன்று கவ்வியே சுழல்கின்றன. சேர்வதும் பிரிவதும் அவற்றின் பக்கவாட்டிலுள்ள கட்டைப் பற்கள்தாம். ஆக்ஸிலேட்டரைத் தளர்த்துகையில், இஞ்சின் சக்கரத்தைத் தள்ளாமலும் சக்கரம் இஞ்சினைத் தள்ளாமலும் ஒரு கணம் வருகிறது. பாரம் நீங்கிய பற்கள் அதில் விலகும். அந்தக் கணம் காலுக்குத் தெரிய வேண்டும்.

கிளட்ச் ஒயர் அறுந்த வண்டியைக் காவாந்தண்டலத்திலிருந்து உத்திரமேரூருக்கு ஓட்டிப் போகிறவனுக்கு இது தேவை. (நின்ற வண்டியைக் கிளப்புவது தனி வித்தை.) ஒயர் சரியான பிறகும் இப்படியே ஓட்டுகிறவனைத்தான் யோசிக்க வேண்டியிருக்கிறது. விதி, தேர்ச்சியில்லாதவர்களுக்கு என்பது அவன் எண்ணம். யாப்பை விட்ட நம்மில் பலருக்கும் இந்த எண்ணம் உண்டு. சிலருக்கே அந்தச் செவி உண்டு.

கணம் தவறும்போதெல்லாம் பற்களின் விளிம்பு கொஞ்சம் மழுங்குகிறது. அன்றே எதுவும் தெரிவதில்லை. வண்டி கைமாறுகிறது. வாங்கியவன் பால் கேன்களோடு ஏரிக்கரை மேட்டில் ஏறுகையில் இரண்டாவது கியர் கழன்றுகொள்கிறது. தன் கால்தான் சரியில்லை என்று நினைத்து அவன் மறுபடி அழுத்துகிறான்.