வெற்றுக் கட்டம்

மௌனம் சம்மதத்திற்கு அறிகுறி என்பது நம்மிடையே நெடுங்காலமாக வழங்கிவரும் கூற்று. மாப்பிள்ளை வீட்டார் முன்னிலையில் தலைகுனிந்து நின்ற பெண்ணின் வாய்திறவாமையை இக்கூற்றைக் கொண்டே உடன்பாடாக்கினர் நம் முன்னோர். கூலி குறைக்கப்பட்டபோது பேசாதிருந்த தொழிலாளியையும் இதே கோலால் அளந்தனர் முதலாளிமார். மௌனத்தின் பொருளை வகுக்கும் உரிமை யாருக்குரியது? மௌனித்தவருக்கா, அதனைத் தம் வசதிப்படி விளங்கிக்கொள்பவருக்கா? பழைய இவ்வினா இன்று கணினித் திரையிலே புதுவடிவில் எழுந்துள்ளது.

இணையவழிப் படிவங்களில் சிறு சதுரக் கட்டங்கள் இருப்பதை யாவரும் அறிவோம். உடன்படுவோர் அதிற் சரி அடையாளம் இடவேண்டும். ஏனையோர் வெறுமையாக விடவேண்டும். ஆனால் சரியிட்ட கட்டத்தின் செய்தி மட்டுமே மறுமுனையிலுள்ள கணினிக்குச் செல்கிறது என்பதைப் பலர் அறியார். வெற்றுக் கட்டத்தைப் பற்றி ஒரு சொல்லும் செல்வதில்லை. வலைப்பக்கங்களை ஆக்கும் எச்.டி.எம்.எல். மொழியின் 1995ஆம் ஆண்டு விதிமுறையிலேயே இவ்வாறு வகுக்கப்பட்டது, இன்றும் அவ்வாறே. ஆகவே, வேண்டாம் என்று எண்ணி விட்டவரும், வினாவையே காணாது கடந்தவரும் மறுமுனைக்கு ஒருவரே. முன்னர் அளித்த உடன்பாட்டை ஒருவர் பின்னர் வந்து சரியை நீக்கி மீளப்பெற முயன்றாலும், கவனமின்றி எழுதப்பட்ட நிரலில் பழைய "ஆம்" அப்படியே நிலைத்துவிடும். பொறுப்புள்ள நிரலாளர் இதற்கோர் உபாயம் செய்வர். கண்ணுக்குப் புலப்படாத புலமொன்றைக் கட்டத்தோடு சேர்த்து, சரி இடப்படாதபோது "இல்லை" என்னும் விடையை அது சுமந்து செல்லுமாறு அமைப்பர். மறுத்தவரையும் கவனியாதவரையும் இதுவும் பிரித்தறியாது. அதற்கு "ஆம்", "இல்லை" இரண்டையும் தனித்தனியே வைத்து, இரண்டையும் தெரிவுசெய்யாத நிலையிலே காட்டி, பதிலளிப்பவரே ஒன்றைத் தெரியுமாறு விடவேண்டும்.

இது நிரலாளரின் கவலை, நமக்கென்ன என்பாருமுளர். நம் மண்ணின் வரலாற்றை அவர்கள் சற்றே நோக்கட்டும். 1931இல் டொனமூர்த் திட்டத்தின் கீழ் சர்வசன வாக்குரிமையுடன் அரசாங்க சபைத் தேர்தல் நடந்தபோது, யாழ்ப்பாணம், ஊர்காவற்றுறை, காங்கேசன்துறை, பருத்தித்துறை ஆகிய நான்கு தொகுதிகளிலும் நியமனப் பத்திரம் தாக்கல் செய்தவர் எவருமிலர். பூரண சுயராச்சியம் தராத அரசியல் திட்டத்தை ஏற்கோம் என்று ஆசிரியர் ஹன்டி பேரின்பநாயகம் முதலியோரின் யாழ்ப்பாண இளைஞர் காங்கிரஸ் மேடைதோறும் முழங்கியிருந்தது. அம்முடிவு சரியா பிழையா என்று இன்றும் வாதிடலாம். அதன் பொருள் யாது என்பதில் ஐயமில்லை. மௌனத்திற்கு முன்னரே பேச்சு இருந்தது.

2005 நவம்பரில் நடந்த ஜனாதிபதித் தேர்தலிலோ, யாழ்ப்பாண மாவட்டத்தில் வாக்களித்தோர் ஏறத்தாழ நூற்றுக்கு 1.2 பேர் மட்டுமே. நாடு முழுவதிலும் வெற்றியைத் தீர்மானித்த வித்தியாசம் ஏறத்தாழ 1,80,000 வாக்குகள். விடுதலைப் புலிகளின் பகிஷ்கரிப்பை மக்கள் மனமொப்பி ஏற்றனர் என்றனர் சிலர். அச்சத்தால் வீட்டினுள் அடங்கினர் என்றனர் வேறு சிலர். புள்ளடி இடப்படாத வாக்குச்சீட்டு இரு சாராரையும் மறுக்கவில்லை. அதற்கு நாவில்லை.

சரியிடப்பட்ட கட்டமேனும் உண்மை பேசுகிறதா? நல்லூரில் ஒரு கொமினிகேசன் கடைக்குச் சென்று பாருங்கள். முதிய தாயொருவர் அடையாள அட்டையை நீட்டுவார். கடைப் பையன் படிவத்தை நிரப்புவான். "நிபந்தனைகள் அனைத்தையும் வாசித்தேன், உடன்படுகிறேன்" என்ற ஆங்கில வரியருகே சரியிடுபவனும் அவனே. வாசித்தவர் இருவருள் எவருமிலர். சரியிடாவிடில் அடுத்த பக்கம் திறவாது. பசித்தவன் முன் ஒற்றைப் பாத்திரத்தை வைத்துவிட்டு, விரும்பித்தானே உண்டாய் என்று கேட்பதை ஒத்தது இது.

இதனினும் கொடியது, முன்கூட்டியே சரியிட்டு வைத்திருக்கும் கட்டம். பரிசுப்போட்டி நடத்திய பிளானெட்49 என்னும் ஜேர்மன் நிறுவனம், பயனரின் இணைய நடமாட்டத்தைப் பின்தொடர்வதற்கான இசைவை இவ்வாறே பெற்றது. இது இசைவாகாது என 2019 ஒக்டோபர் 1ஆம் திகதி ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அழிக்காமல் விட்டவர் வாசித்தே விட்டாரா என்பதை அறிய வழியில்லையன்றோ! நம் நாட்டின் 2022ஆம் ஆண்டு 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இசைவுக்கு எழுத்துமூலக் கூற்றை அல்லது வெளிப்படையான செயலை வேண்டுகிறது. 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வரவிருந்த அதன் முக்கிய பகுதிகள் ஒத்திவைக்கப்பட்டமை வருந்தத்தக்கது.

மாற்றுக் கருத்தினர் வலுவான சான்றொன்றைக் காட்டுவர். எரிக் ஜோன்சன், டானியல் கோல்ட்ஸ்டீன் ஆகியோர் 2003இல் வெளியிட்ட ஆய்வின்படி, உறுப்புதானத்திற்குத் தாமாக இசைவு தரவேண்டிய ஜேர்மனியில் இசைந்தோர் நூற்றுக்கு 12 பேர். மறுப்புத் தெரிவிக்காதோரை இசைந்தோராகக் கொள்ளும் ஒஸ்திரியாவில் ஏறத்தாழ அனைவரும். மௌனம் உயிர்காக்குமெனின் அதனைச் சம்மதமாகக் கொள்வதிற் பிழையென்ன என்பர். இவ்வாதத்தை எளிதில் தள்ளிவிட இயலாது. உயிர் பெரிது. ஆயினும், கேட்டால் மக்கள் கொடார் என்னும் எண்ணம் இதனுள் ஒளிந்திருக்கிறது. அதனை நான் ஏற்கேன். மருத்துவர் ஹட்சன் சில்வா 1961இல் இலங்கைக் கண்தான சங்கத்தைத் தொடங்கியபோது எவருடைய மௌனத்தையும் கணக்கிற் சேர்க்கவில்லை. வேண்டுகோள் விடுத்தார். இறந்தபின் தம் கண்களை எடுத்துக்கொள்ளுமாறு மக்கள் தாமே ஒப்பமிட்டுக் கொடுத்தனர். அவ்வாறு கிடைத்த விழிவெண்படலங்கள் பல்லாயிரம், இந்நாட்டின் தேவைக்கு மேலும் எஞ்சி, கடல் கடந்து பல நாடுகளுக்குச் சென்றுள்ளன.