தந்தி கூறுகிறது

பழைய நாளிதழ்க் கட்டுகளைப் புரட்டினால் ஒரு சொல் பக்கத்துக்குப் பக்கம் எதிர்ப்படுகிறது: தந்தி. 'லண்டன் தந்தி கூறுகிறது', 'ராய்ட்டர் தந்தி தெரிவிக்கிறது'. தலைவர்கள் காலமானால் அனுதாபத் தந்தி, பட்டம் கிடைத்தால் வாழ்த்துத் தந்தி, பொதுக்கூட்டத்தில் தீர்மானம் போட்டால் வைசிராய்க்கு ஒரு தந்தி. அனுப்பியதே அன்றைக்குச் செய்தி.

*

இந்தியாவில் தந்தி பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது 1855இல். 1870இல் கடலடிக் கம்பி பம்பாயை இங்கிலாந்தோடு இணைத்தது. கப்பலில் வாரக்கணக்கில் வந்த சீமைச் சமாசாரம் அதன்பின் மணிக்கணக்கில் வந்தது. வீணையில் கட்டியிருந்த தந்தி, கம்பியாகி, கம்பி வழி வந்த சேதியாகி, கடைசியில் குளிரில் பல் அடிக்கும் தந்தியாகவும் ஆனது.

*

வீடுகளில் அந்தச் சொல்லுக்கு வேறு முகம். வாசலில் தந்திக்காரர் வந்து நின்றால் பெண்கள் வயிற்றில் கைவைத்துக்கொள்வார்கள். தாளில் இருப்பது இங்கிலீஷ். வாத்தியாரைத் தேடி ஓடவேண்டும். அவர் படித்துச் சொல்வதற்குள் பாதி அழுகை முடிந்திருக்கும். மகன் பாஸான சேதியாகக்கூட இருக்கலாம்.

1942இல் மதுரையில் சி.பா. ஆதித்தனார் தொடங்கிய நாளிதழ் அதே சொல்லைப் பெயரில் வைத்துக்கொண்டது. வீட்டுக்கு வரக்கூடாது என்று வேண்டிக்கொண்டதை, தினம் காலையில் டீக்கடையில் தேடிப் படித்தார்கள்.

*

தந்திக்குச் சொல் கணக்கில் காசு. அதனால் எலும்பு மட்டும்தான் வரும். சதை வைப்பது தமிழ் உதவி ஆசிரியரின் வேலை. 1904இல் சுதேசமித்திரனில் சேர்ந்த பாரதியார் செய்ததும் பெரும்பாலும் ஆங்கிலத்தைத் தமிழாக்கும் இந்த வேலைதான்.

அதில் ஒரு சங்கடம் உண்டு. இன்னார் கைது என்று ஆங்கிலத் தந்தி சொல்லிவிட்டுப் போய்விடும். தமிழில் வினையை முடித்தாக வேண்டும். கைதானானா, கைதானாரா? அந்த 'ஆர்' விகுதி கம்பியில் வராது. மேஜையில் உட்கார்ந்திருப்பவர் தன் மனத்திலிருந்து எடுத்துப் போடவேண்டும். சுதேசிக் காலத்தில் அது சின்ன முடிவாக இருந்திருக்காது. பத்திரிகை யார் பக்கம் என்பதை வாசகர் தலையங்கம் வரை போகாமலே தெரிந்துகொண்டிருப்பார்.

*

'தந்தி கூறுகிறது' என்பதில் வேகத்தின் பெருமை இருக்கிறது. எனக்குப் பிடித்தது அதிலுள்ள அடக்கம். நான் பார்க்கவில்லை, எனக்கு வந்தது இது, இந்த ஊரிலிருந்து, இந்தத் தேதியில் வந்தது என்று ஒதுங்கி நின்று சொல்கிற தொனி. மறுநாள் மறுப்பு வந்தால் அதையும் அதே இடத்தில் போடலாம். முகம் கோணவேண்டியதில்லை.

*

2013 ஜூலையில் இந்தியாவில் தந்திச் சேவை நின்றது. அந்த இடத்தில் இப்போது 'தகவல் வெளியாகியுள்ளது', 'கூறப்படுகிறது' என்ற தொடர்கள். எங்கிருந்து வெளியானது, யார் கூறியது என்பதற்கு வாக்கியத்தில் இடமே இல்லை. செய்தி முன்னைவிட வேகமாக வருகிறது. வந்த வழி மட்டும் தெரிவதில்லை.

நாளைக் காலைப் பேப்பரில் ஒரு 'கூறப்படுகிறது' கண்ணில் பட்டால், அடுத்த வரிக்குப் போகுமுன் யாரால் என்று கேட்டுப் பாருங்கள். பதில் அந்தச் செய்தியிலேயே இல்லையென்றால், அதை இன்னொருவருக்குச் சொல்லாதீர்கள்.